அரை விரற்கடை ரப்பர்

என் பெண்டாட்டி அம்மாக்கண்ணு கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போய்க் கூப்பிட்டு வர வேண்டியவன் நான்தான். போகாததற்கு என் இடது முட்டிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும், நான் நடக்கிற லட்சணத்தைத்தான் தினமும் பார்க்கிறார்களே.

புதூர்நாட்டு மலைப் பக்கம் எங்கள் ஊரிலும் அவள் ஊரிலும் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கோபித்துக்கொண்டு போனவளைக் கட்டினவன் தன் காலால் நடந்து போய்க் கூப்பிட வேண்டும். ஆளனுப்பினால் வரமாட்டாள். ஜீப்பில் போய் இறங்கினால் மச்சான் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். அதுவும் ஒரே ஒரு தரம்தான் கூப்பிடலாம். வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்தது, அவள் வேறு, நான் வேறு.

அவள் ஊருக்கு ஒரு இறக்கம், ஒரு ஓடை, ஒரு ஏற்றம். ஏற்றத்தை எப்படியாவது ஏறிவிடுவேன். இறக்கம்தான் என்னைக் கொல்லும். ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் உள்பக்கத்தில் யாரோ கத்தியைத் திருகுவார்கள்.

சண்டை வந்ததும் இந்தப் பாழாய்ப்போன முட்டியால்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சாயங்காலமானால் அம்மாக்கண்ணு ஆமணக்கு இலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, என் முட்டியில் வைத்துக் கட்டுவாள். கட்டிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது பாட்டுக்குக் கை அங்கே இருக்கும். அந்த வருஷம் சாமை அறுப்பு முடிகிற வரைக்கும் எனக்கு நோவு. நோவு வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஒருநாள் இலை கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது.

"உன் கை பட்டாலே நோவு கூடுதுடி!" என்று கத்திக்கொண்டு அனல் சட்டியை எட்டி உதைத்தேன். நல்ல காலால்தான் உதைத்தேன். அந்த மட்டும் எனக்கு விவரம் இருந்திருக்கிறது.

அவள் எழுந்தாள். சிதறின நெருப்பைக் கூட்டி அள்ளினாள். கையைக் கழுவினாள். காலையில் சீலையை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து இலையை நானே வாட்டி நானே கட்டிக்கொண்டேன். இலை இருந்தது, எண்ணெய் இருந்தது, மேலே வைக்கக் கை இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நாள் என் கையையே எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். தன் கையே தனக்கு உதவி என்பார்கள். சொன்னவனுக்கு முட்டி நோவு இருந்திருக்காது.

எண்பத்தாறாம் வருஷம் சாமை விற்க ஆலங்காயம் இறங்கினபோது, அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், ஒரு சீட்டு எழுதிப் பின்பக்கம் இருந்த செருப்புக் கொட்டகைக்கு அனுப்பினாள். எனக்கு வந்ததே கோபம். முட்டி நோவு என்று வந்தவனைச் செருப்புத் தைக்கிற இடத்துக்கு அனுப்புகிறாளே, என்னைப் பார்த்தால் கேனையனாகத் தெரிகிறதா?

கொட்டகையில் இருந்த மேஸ்திரிக்கு சந்தியாகப்பன் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு என் முட்டியைப் பார்க்கவே இல்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் டயர் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, நோவு முட்டியில. நீ செருப்பைப் பாத்துக்கினு இருக்க?"

"செருப்பு பொய் சொல்லாதுண்ணா. இத பாரு, வெளிப்பக்கம் ஒரேடியா தேஞ்சி போயிருக்கு. உம் பேரு இன்னா?"

"அர்ச்சுனன்."

"பேருக்கேத்தாப்ல காலும் வில்லு மாதிரி வளைஞ்சிதான் நிக்குது. அதான் ஒடம்பு பாரமெல்லாம் முட்டியோட உள்பக்கமே வாங்குது. பாதத்துக்கு அடியில வெளிப்பக்கமா அரை விரக்கடை ஒசத்திட்டா பாரம் கொஞ்சம் நவுந்து குந்தும்."

"தீந்துடுமா?"

"தேஞ்சது தேஞ்சதுதான். நோவு கொறையும். ஆனா கழட்டாம போடணும், வூட்லயும் போடணும். ஒரு மாசம் கழிச்சி வா."

காலை நனைத்து ஒரு பழுப்புத் தாளில் மிதிக்கச் சொன்னான். ஓரத்தைப் பென்சிலால் வரைந்தான். மெத்தென்ற கறுப்பு ரப்பரை வெட்டி, வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் சரிகிற மாதிரி சீவி, பின்வார் வைத்த செருப்புக்குள் ஒட்டிக் கொடுத்தான். அடியில் சாக்கட்டியால் ஒரு நம்பர் எழுதினான். அவ்வளவு அழகான செருப்பை நான் அதற்குமுன் போட்டதில்லை.

இனிமேல் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் ஊர் எல்லையில் அம்மன் கல் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் செருப்போடு வரமாட்டோம். வீட்டில் போடுவது என்ற பேச்சே கிடையாது. சாமைக் கொல்லையிலும் களத்திலும் போட்டால் தெய்வக்குத்தம். மிச்சம் இருப்பது பாதை. பாதை முழுக்கக் கல், போட்டால் தேய்ந்து போய்விடாதா? ஆகவே செருப்பைத் துண்டில் சுற்றி மோட்டுவளையில் மாட்டிவிட்டேன். தினமும் இறக்கித் துடைத்து மறுபடியும் மாட்டுவேன்.

ஒரு மாசம் கழித்துச் செருப்பைத் துண்டோடு எடுத்துக்கொண்டு போய் சந்தியாகப்பனைப் பிடித்துக்கொண்டேன்.

"நோவு அப்படியேதான் கீது! ஊர ஏமாத்தறியா நீ?"

அவன் செருப்பைக் கவிழ்த்தான். சாக்கட்டி நம்பர் அழியாமல் பளிச்சென்று இருந்தது.

"எங்க போட்டண்ணா இத?"

"போடல. ஊருக்குள்ள போட்டா அம்மன் கோவிச்சிக்கும். மோட்டுவளையில பத்திரமா மாட்டி வச்சிருந்தேன்."

"மாட்டி வச்சா மோட்டுவளைக்குத்தான் நோவு போவும்," என்று சிரித்தான். "ரப்பர் தேஞ்சா வேற வச்சிக்கலாம், முட்டி தேஞ்சா எங்கண்ணா போவ? யாருக்காவப் பத்திரம் பண்ற?"

"அவளக் கூப்புடப் போற அன்னிக்கி புதுசா இருக்கணும்னு..." என்று தொடங்கினவன் முடிக்கவில்லை. பிறகு முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சட்டி, நெருப்பு, நான் கத்தின கத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

சந்தியாகப்பன் சிரிப்பை நிறுத்தி இன்னொரு துண்டு ரப்பரை எடுத்தான். அதே அளவுக்குச் சீவி, கேன்வாஸ் துணிக்குள் வைத்துத் தைத்து, பாதத்தில் சுற்றிக் கட்டிக்கொள்ள இரண்டு பட்டை வைத்தான்.

"இது செருப்பு இல்ல, கட்டு. கட்டுப் போட்டவன எந்த அம்மனும் கோவிச்சிக்காது. ஊருக்குள்ள இது, பாதையில செருப்பு. செருப்பு பழசாவட்டும்ண்ணா. பழசானாத்தான் நீ நடந்தன்னு அர்த்தம்."

முதல் பத்து நாள் கணுக்கால் வலித்தது, சந்தியாகப்பனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அப்புறம் திட்டுவது குறைந்தது. மூன்றாம் மாசம் ஒருநாள் களத்திலிருந்து வந்தவன், சாயங்காலம் இலை வாட்டிக் கட்ட மறந்துவிட்டேன். மறந்துபோனேன் என்பதே மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ பயம்தான் வந்தது. இத்தனை நாள் முட்டியைச் சாக்குச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். இனி என்ன சொல்வது? ஒரு தரம்தான் கூப்பிடலாம். போகாத வரைக்கும் அவள் வருவாள் என்ற நம்பிக்கையாவது இருக்கும். போய், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் இல்லை. அப்படியே இரண்டு வாரம் இழுத்தடித்தேன். பாத்திரம் கழுவும்போது, விளக்கேற்றும்போது, அவள் நடமாடுகிற சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் திரும்பும். எனக்கு அவள் வேண்டும். கடைசியில் பயத்தைவிட அதுதான் பெரிதாகிவிட்டது.

பங்குனியில் ஒரு காலை கிளம்பினேன். துணிக்கட்டை வீட்டில் வைத்துவிட்டேன். கட்டுப்போட்ட காலோடு அவள் முன்னால் நிற்க மனம் வரவில்லை, ஆம்பளையாகப் போக வேண்டும் என்ற வீறாப்பு. செருப்பு மட்டும் போட்டுக்கொண்டேன். இறக்கத்தில் முட்டி மூச்சுவிடவில்லை. ஓடையில் முகம் கழுவிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். 'தப்பு என்மேலதான். வா, போலாம்.' இவ்வளவுதான். நாலு தரம் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

அவள் ஊர் எல்லையிலும் ஒரு அம்மன் கல் உண்டு, அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினேன். அங்கிருந்து வீடு வரைக்கும் செங்குத்தான மேடு. வெறுங்காலில் ஏறும்போது முட்டி லேசாக முனகியது. பெரிதாக ஒன்றுமில்லை.

அவள் தம்பி லட்சுமணன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலியை நிறுத்தி, என் புழுதிக் காலைப் பார்த்தான்.

"வாங்க மாமா. நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான்."

உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி குடித்தேன், பாதி மார்பில் கொட்டிக்கொண்டேன்.

அம்மாக்கண்ணு கூரை நிழலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நான் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். மனப்பாடம் செய்தது ஒரு எழுத்தும் வாயில் இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தாள்.

"இன்னும் நோவுதாய்யா?"

இதற்காகத்தானே வந்தேன். தீர்ந்துபோச்சு, பார், நாலு மணி நேரம் நடந்து வந்திருக்கிறேன் என்று காட்டத்தானே அந்த ரப்பர், அந்தத் துணிக்கட்டு, மூன்று மாசப் பாடு எல்லாம். 'இல்லை' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"நோவுது," என்றேன்.

அவள் புளிக் கையை முந்தானையில் துடைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முட்டிக்கு ஒரு சாண் மேலே கை வந்து நின்றுவிட்டது.

"என் கை பட்டா கூடுமே."

"கூடட்டும்," என்றேன். "தப்பு என்மேலதான் அம்மாக்கண்ணு. கூடுனா கூடட்டும்."

கை இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். லட்சுமணன் முதுகைக் காட்டிக்கொண்டு, பிளந்த விறகையே மறுபடியும் பிளந்தான்.

அவள் முட்டியைச் சுற்றி அமுக்கிப் பார்த்தாள்.

"வீங்கவே இல்லியே. பொய்யா சொல்ற?"

"ஆமா."

அவள் கையை எடுக்கவில்லை.

"செருப்பு எங்க?"

"கல்லாண்ட."

"புதுசா?"

"புதுசாதான் வாங்குனேன். நடந்து நடந்து பழசாயிடுச்சி."

அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் சீலை மூட்டை இருந்தது.

"நாயி கவ்விக்கினு போறதுக்குள்ள எழுந்திரு," என்றாள். "நோவாத காலா இருந்தாலும் சரி, எறக்கத்துல என் தோளப் புடிச்சிக்கினு வா."