தங்கபுஷ்பத்துக்கு ஊசி வேண்டாம்

1

இது நான் யோசித்த கதை இல்லை. அபிராமபுரத்தில் டாக்டர் விஜயலக்ஷ்மி, காப்பியை ஆறவிட்டுச் சொன்னது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பெரியம்மைத் தடுப்புக் குழுவோடு தெருத்தெருவாகப் போன இளம் டாக்டர் அவர்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "உஸ்மான் ரோட்டில் வெயில் உருகி..." அடித்துவிட்டேன். வெயிலுக்கு இதில் வேலை இல்லை.

2

தங்கபுஷ்பம், தி. நகர் ஜவுளிக்கடை பொன்ராஜின் மனைவி. இரண்டு தடவை கரு கலைந்தவள். இப்போது மூன்று மாதம். சின்ன வயதில், அம்மை குத்த வந்தவர்களுக்குப் பயந்து வைக்கோல்போருக்குள் ஒளிந்தவள். (வைக்கோல்போர் நான் சேர்த்தது. அவள் அம்மை ஊசியே போட்டுக்கொண்டதில்லை என்பது டாக்டர் சொன்னது.)

அந்தத் தெருவில் ஊசி எல்லோருக்கும் கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் விலக்கு. மருந்து கருவைத் தொட்டுவிடலாம்.

3

மாமியார் பேச்சியம்மாளை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். டாக்டர் சிரித்தார். "இல்லவே இல்லை. வாசல்ல ரெண்டு கையையும் விரிச்சுண்டு நின்னா."

"என் மருமவ முழுகாம இருக்கா தாயி. ரெண்டு போயிருச்சு. இவளுக்குக் குத்தக்கூடாது."

"குத்தலைம்மா, பயப்படாதீங்கோ. கோடிவீட்டுக் குழந்தைக்கு அம்மை கண்டிருக்கே, யாராவது கிட்டப் போனேளா?"

"இல்ல" என்றாள் பேச்சியம்மாள்.

தங்கபுஷ்பம் அப்போது

(இங்கே அவள் மனத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். எனக்கு எப்படித் தெரியும்?)

"முந்தாநாள் தூக்கி வச்சிருந்தேன் டாக்டரம்மா. காய்ச்சல்ல கெடந்து அழுதுச்சு."

பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நோயைத் தொட்டவளுக்கு விலக்கு கிடையாது. பெரியம்மை கண்டால் தாயும் பிழைப்பது கஷ்டம். ஊசி போட்டால்? டாக்டர் ஒளிக்கவில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா."

"சொல்லாம இருந்திருக்கலாமேட்டி" என்றாள் மாமியார்.

"சொல்லாட்டி, நான் ஒருத்தி மட்டுமா அத்தே சாவேன்?"

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். பேச்சியம்மாள் எழுந்து வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் கொழுகொழுவென்று ஆண் குழந்தை. இன்னொன்று, "ஆறாம் மாதத்தில் ஒரு நாள்" என்பதோடு நின்றுவிட்டது.

நடந்ததை டாக்டர் சொன்னார். அவளுக்கு அம்மை வரவில்லை, அதை எழுதிவிடுகிறேன். பிள்ளையைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால், அவள் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் அந்தப் பிள்ளையை வைத்துத் தீர்மானிப்பீர்கள். அதன் தலையில் அவ்வளவு பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை.

கையை நீட்டியபோது அவளுக்கே தெரியாதது உங்களுக்கும் வேண்டாம். அவள் நின்ற இடத்தில் நில்லுங்கள். டாக்டர் கேட்டுவிட்டார். மாமியார் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் வாயைத் திறப்பீர்களா?