லோடே இல்லாத காலையில் ஒரு டிரிப்

சப்-ஸ்டேஷனில் அவளுக்கு ‘சந்தேகம் மேடம்’ என்று பெயர். ரிலே இன்ஜினியர். எதையும் இரண்டு முறை அளக்காமல் கையை எடுக்க மாட்டாள். கேலிப் பெயரை வைத்தவன் அங்கேயே ஷிஃப்ட் ஆபரேட்டராக இருக்கும் அவளுடைய சொந்த அண்ணன்.

அந்த மாதம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தடவை ‘டிரிப்’ ஆகி, தானாக நின்றுபோயிருந்தது. இரண்டு தடவையும் கொளுத்தும் மதியம், ஊரே ஏ.சி. போட்டிருந்த நேரம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிற கரண்ட்டையும் வெளியே வருகிற கரண்ட்டையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் டிஃபரன்ஷியல் ரிலே, கணக்கு இடிக்கிறது என்று நிறுத்தியிருந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

மூன்றாவது தடவை நின்றது ஒரு விடுமுறை நாள் காலையில். அரக்கப்பரக்க ஓடிவந்தவள் சி.டி. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்கமும் கரண்ட்டைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி ரிலேக்குக் கொடுப்பவை அவை. வோல்டேஜ் குறைந்த பக்கத்தில் முன்பு இருந்தது அறுநூறுக்கு ஒன்று. அது பழுதானதும் எண்ணூறுக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரிலேயின் கணக்கில் மட்டும் இன்னும் அறுநூறு.

“அப்பாடா! இத்தனை நாளும் ரிலேதான் பொய் சொல்லியிருக்கு” என்றான் அண்ணன். “நம்பரை மாத்து. நான் திரும்பக் கரண்ட் கொடுத்து சார்ஜ் பண்றேன்.”

மாற்றினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ரிலேயில் பதிவாகியிருந்த காலைக் கரண்ட்டை மறுபடி பார்த்தாள்.

“இரு அண்ணா.”

“என்ன இரு? வீட்ல கரண்ட் இல்ல. அப்பாவோட ஆக்சிஜன் மெஷின் பேட்டரியில ஓடுது. உன் அண்ணி விடாம போன் பண்றா.”

“லோடு ஏற ஏறத்தான் இந்த விகிதத் தப்பு பெருசாத் தெரியும். மதியம் நின்னதுக்கு அது காரணம், சரி. இன்னைக்கு ஃபேக்டரி எல்லாம் மூடியிருக்கு. லோடே இல்ல. ஆனா வித்தியாசம் மலை மாதிரி காட்டுது. அது எங்கேருந்து வந்துச்சு?”

அண்ணன் மேலதிகாரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, போனை அவளிடம் நீட்டினான். அவர் கத்தினார். “காரணம்தான் கிடைச்சாச்சே! இன்னும் என்னம்மா நோண்டிட்டு இருக்கே?”

“டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை டெஸ்ட்டுக்கு அனுப்புறேன், ரிசல்ட் வரட்டும் சார். அதுவரைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினாள். உள்ளே நிஜமாகவே பழுது இருந்தால், திரும்பக் கரண்ட் கொடுத்த நொடியே மொத்த எண்ணெயும் பற்றிக்கொள்ளும். யார்டில் ஆட்கள் நிற்கிறார்கள். பழுதே இல்லையென்றால்? ஒன்றுமில்லாததற்கு அப்பாவின் மூச்சைப் பணயம் வைத்தவள் ஆகிவிடுவாள்.

“அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அந்தக் கணக்கையும் நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். “அண்ணி, கரண்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. அப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

போகிற வழியிலேயே அப்பாவுக்கு மூச்சு முட்டியது. நேராகத் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சுருளுக்குள் தீப்பொறி பறந்தால் மட்டுமே உண்டாகும் வாயு, எண்ணெயில் எக்கச்சக்கமாகக் கலந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே வெந்துபோயிருக்கிறது. மேலதிகாரி “ம்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பக்கத்து சப்-ஸ்டேஷனிலிருந்து முறை வைத்து ஊருக்குக் கரண்ட் விட ஏற்பாடு நடந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஷிஃப்ட் முடிந்து முன்பே வந்துவிட்ட அண்ணன் அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கண்ணு முழிச்சுட்டார். ஆனா இனிமே வீட்டு மெஷின் பத்தாதாம்.”

அவன் கையிலிருந்த போனைப் பார்த்தபடியே சொன்னான். “ரிசல்ட் எனக்கும் வந்துச்சு. சார்ஜ் பண்ணியிருந்தா நான்தான் பக்கத்துல நின்னிருப்பேன். நீ செஞ்சது சரிதான். புரியுது. ஆனா வர்ற வழியில அப்பா தவிச்ச தவிப்பை உன் அண்ணி சொன்னா. இன்னைக்கு என்னால உன் முகத்தைப் பாக்க முடியல.”

“சரிண்ணா” என்றாள் அவள்.

நர்ஸ் வந்து ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். அண்ணன் எழுந்து போனான். கதவு மூடிக்கொண்டது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.