லோகநாதன் பேச ஆரம்பித்த வாரம்

திங்கட்கிழமை காலை இட்லி சாப்பிட்டு எழுந்த லோகநாதன், "கொத்சு நல்லா இருந்துச்சு, சுபா" என்றார்.

சுபலட்சுமி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். சாப்பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்தால் உப்புக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'ஏய்', 'இந்தா', அவ்வளவுதான். கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். விடிந்ததும் பட்டுத் தறியில் உட்காருவார். பக்கத்தில் அவள் குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவாள். நாள் முழுக்கத் தறிச் சத்தம். பேச்சு வந்தால் அது நூல் அறுந்ததைப் பற்றி இருக்கும்.

அதனால்தான் இடது மார்பில் இருந்த கட்டியைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் குளிக்கும்போது தட்டுப்பட்டது. அப்போது பட்டாணி அளவு. இப்போது சித்திரை முடியப்போகிறது, புளியங்கொட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. வலிக்கவில்லை, தானாகப் போய்விடும் என்று இருந்தாள். போன வாரம் மட்டும் மருந்துக்கடைப் பெண்ணிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோல விசாரித்தாள். அந்தப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை லோகநாதன் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ இல்லன்னா இந்த வீடு இன்னா ஆயிருக்கும்?" என்றார்.

சுபலட்சுமி பூவோடு சட்டென்று உள்ளே திரும்பினாள். இவருக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைப் பெண் சொல்லியிருக்கிறாள். என்னவென்று சொன்னாள்? பூவை அவள் தலையில் வைக்கவில்லை. சாமி படத்துக்குப் போட்டாள்.

புதன்கிழமை, சென்னையில் படிக்கும் மகள் காவ்யா போன் செய்தாள்.

"அம்மா, அப்பா போன் பண்ணி 'உன்ன நெனச்சா பெருமையா இருக்குது கண்ணு'ன்றாரு. யாருக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லும்மா."

"ஒண்ணும் இல்லடி. நீ படி."

போனை வைத்ததும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. பிள்ளையைக்கூட இப்போதே தயார் செய்கிறார்.

வியாழக்கிழமை நண்பகலில் தறிச் சத்தம் திடீரென்று நின்றது. லோகநாதன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்தார்.

"எப்டி காச்சு போயிருக்குது பாரு. ஒருநாள்கூட நான் கேட்டதில்ல."

அவள் கையை உதறினாள். "யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"இன்னாத்த?"

"நடிக்காதீங்க. இந்தக் கட்டிய பத்திதான். நான் செத்துடுவேன்னுதான இவ்ளோ பிரியமா பேசிகினு இருக்கீங்க?"

லோகநாதன் முகம் வெளுத்தது. அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இன்னா கட்டி?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். "அப்ப நீங்க ஏன் இப்டி பேசினீங்க?" என்று கேட்டாள்.

"சனிக்கிழம என் கூட்டாளி முள்ளிப்பட்டு சம்பந்தம் டீக்கடையில செத்துப்போனான் இல்ல, எம்பக்கத்துலதான் உட்காந்துகினு இருந்தான். டீயில சக்கர கம்மின்னான், சாஞ்சிட்டான். அவன் பொண்டாட்டி என் சட்டைய புடிச்சிகினு, 'கடைசியா என்னை பத்தி எதனா சொன்னாராண்ணா'ன்னு கேட்டா. உன்ன பத்திதாம்மா பேசிகினு இருந்தான்னு பொய் சொல்லிட்டு வந்தேன். நான் போனா உங்கிட்டயும் எவனாவது வந்து பொய்தான் சொல்லணும். அதான் பயந்துட்டேன்."

பிறகு குரல் உயர்ந்தது. "நாலு மாசம்! பக்கத்துலயே உட்காந்துகினு, வாயத் தொறந்து..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "எங்கிட்ட எப்டி சொல்லுவ? சொல்றமாதிரியா நான் இருந்தேன்?"

அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் வேலூர் போனார்கள். பரிசோதித்த டாக்டர் அம்மா, "எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வியாழக்கிழமை முடிவு வந்தது. புற்றுநோய்தான். அக்குளிலும் பரவியிருந்தது. முதலில் ஆபரேஷன், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆபரேஷன் அன்று தாழ்வாரம் முழுக்க ஜனம். பச்சை கவுன் போட்டு உட்கார்ந்திருந்த சுபலட்சுமி, "பயமா இருக்குதுங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் லோகநாதன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ வேணும் சுபா எனக்கு."

எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை விடவில்லை. நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிடும் வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.