பிடித்துத் தைத்த கட்டு

தான் போட்ட கட்டை எங்கே பார்த்தாலும் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டர் அறைக்காரிக்கு அடையாளம் தெரிந்துவிடும். அதனால்தான் காலையில் தையல்காரர் நீட்டிய வலது கையைப் பார்த்துக் குழம்பிப்போனாள். முந்தின நாள் மணிக்கட்டு முறிந்து வந்தவருக்கு அடியில் மட்டும் காய்ந்து இறுகும் மாவுப்பட்டை வைத்து, மேலே துணிப்பட்டியைக் கொஞ்சம் தளரச் சுற்றி அனுப்பியது அவள்தான். இப்போதோ கட்டு ஒரு சுருக்கமில்லாமல் கச்சிதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் கட்டைவிட அழகு. எரிச்சலாகவும் இருந்தது, யார் கைவண்ணம் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது.

ஆனால் விரல்கள் வீங்கி, நிறம் மாறியிருந்தன.

“வலி உயிர் போகுது. மாத்திரைக்கும் கேக்கல. விரலெல்லாம் மரத்துப் போச்சு,” என்றார் தையல்காரர்.

ஆசையை மூட்டை கட்டிவிட்டு, டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். கத்தரிக்கோலை வைத்தபோதுதான் தையல் கண்ணில் பட்டது. முழங்கைவரை பொடிப்பொடியாக ஓடியது.

“நான் போட்ட கட்டையா பிடிச்சுத் தைச்சீங்க?”

“தொளதொளன்னு இருந்துச்சும்மா. என் கையிலயே அளவு சரியில்லன்னா எவன் என்கிட்ட துணி குடுப்பான்? நான் சொல்லச் சொல்ல இவதான் தைச்சா. கடையிலயும் நான் வெட்டிக் குடுக்க இவதான் தைப்பா.” பின்னால் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஐயா, வீக்கத்துக்குன்னுதான் அந்த இடத்தை விட்டேன். வீங்குற கைக்கு இடம் இல்லன்னா ரத்தம் ஓடாது. கையே போயிடும்.”

தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. கத்தரி பிடிக்கிற கை அது. வீட்டில் அடுப்பெரிவதும் அதனால்தான்.

அவள் துணிப்பட்டியையும் அடியிலிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டி விரித்தாள். மாவுப்பட்டை மட்டும் கையைத் தாங்கியது. ஓடிவந்த டாக்டர் நாடி பார்த்தார், விரல்களை நீட்டிப் பார்த்தார், ஒரு நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் மெல்லச் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கின. “வலி விடுதும்மா,” என்ற தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“தப்பிச்சீங்க. இன்னைக்கு இங்கயே இருங்க, அடிக்கடி பார்க்கணும்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அவளுக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்படித் தைத்தும் கை எப்படித் தப்பித்தது? வெட்டிய பட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

“எவ்வளவு பிடிக்கச் சொன்னீங்க?”

“ரெண்டு விரல்கடை.”

மடிப்பில் இருந்தது ஒரு விரல்கடைதான். அவள் தையல்காரரின் மனைவியைப் பார்த்தாள்.

“அவர் சொல்ற அளவுக்கு நான் பிடிக்கிறதில்லம்மா,” என்றார் அந்த அம்மா. “போட்டுக்கிறவங்க மூச்சு விட வேணாமா? எப்பவும் பாதிதான்.”

தையல்காரர் திரும்பினார். “எப்பவும்னா?”

“கடை தொடங்குன நாள்லருந்து.”

இத்தனை காலம் ஊரே மெச்சிய தன் அளவையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு பிளாஸ்டர் அறைக்காரியிடம், “புதுக் கட்டு சுத்தும்போது அளவை இவகிட்டயே கேட்டுக்கம்மா,” என்றார்.