புளியமரங்களைத் தாண்டி வந்த பெயர்

கொளஞ்சியம்மாள் எலவனாசூர்கோட்டை வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், புருஷனுக்கு மதியச் சோற்றை மூடிவைத்துவிட்டு, தம்பி மகளுக்கு வாங்கிய வசம்பு வளையலை முந்தானையில் முடிந்துகொண்டதுதான். அன்று சாயங்காலம் தியாகதுருகத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். அவள் வாயிலிருந்த பெயர் மட்டும் நிற்காமல் மேற்கே நடந்துபோயிற்று.

அது 1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள், பஸ் கிடையாது. வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருந்த அவள் தம்பி தீனதயாளனுக்குப் பெண் பிறந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் அத்தைதான் வந்து, தன் பெயரையே குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்லவேண்டும். ஊரில் அவசரக்காரர்கள் அவளைக் கொளஞ்சி என்று பாதியில் விட்டுவிடுவார்கள். அவளோ நாக்கை மடித்துக் கடைசி எழுத்துவரை சொல்லுவாள். பிசகக் கூடாதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தவள், ஒன்பதாவது மரத்தின்மேல் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

பெயர் தியாகதுருகத்தில் நான்கு வீடுகளுக்குள் நுழைந்து, தூளியில் கிடந்த பெண் குழந்தைகளின் காதில் மும்மூன்று தடவை சொல்லிவிட்டுப் போயிற்று. கள்ளக்குறிச்சியில் ஒன்பது. பிரியா என்றும் கவிதா என்றும் நினைத்துவைத்திருந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், குழந்தைகள் திரும்பவில்லை. அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் தேங்காய் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கொளஞ்சியம்மாள்கள் மட்டும் ஜாஸ்தி.

அக்கா இறந்த செய்தி சைக்கிளில் வந்து, பிறகு மலையேறி வெள்ளிமலைக்கு வருவதற்குள் மூன்று நாளாகி, அடக்கமும் முடிந்திருந்தது. தீனதயாளனுக்கு அழக்கூட நேரமில்லை. பெயரில்லாத குழந்தை எடை குறைந்துகொண்டிருந்தது. பால் நன்றாகத்தான் குடித்தது, ஆனால் கடைத் தராசில் தினமும் நூறு கிராம் குறைந்தது. காற்றில் போய்விடாமலிருக்கத் தூளித் துணியில் அரைக்கிலோ படிக்கல்லை வைத்துக் கட்டினான். பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் பச்சையம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க கடக்காரரே, பெத்த புள்ளயக்கூட கம்மியாத்தான் நிறுப்பீங்களா?” என்றாள். அவன் முடிச்சை இன்னும் இறுக்கினான்.

மனைவி பவானிக்கு அந்தப் பெயர் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. “பால்வாடியிலயே கெழவின்னு கூப்புடுவாங்க” என்று சொல்லி, சந்தியா என்று தானே மூன்று தடவை கூப்பிட்டாள். ஒரேயடியாகக் கால் கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு அவளே தூளியின் மறுபக்கம் ஒரு கல் கட்டினாள்.

பெயர் கச்சிராயப்பாளையம் வந்துவிட்டதாகவும், அங்கே இரண்டு வீட்டில் நின்றதாகவும், தொண்டை கம்மியிருந்ததாகவும் உப்பு சுமந்து வந்தவர்கள் சொன்னார்கள். வழியில் இன்னும் எத்தனை வீட்டில் பெண் பிறந்திருக்குமோ, தன் வாசலுக்கு வருவதற்குள் பெயர் தீர்ந்துபோகுமோ என்று அவன் கணக்குப் போட்டான். மலைப்பாதை நெடுக எல்லாருக்கும் ஆண் பிள்ளையாகவே பிறந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அது வந்தது. குழந்தை அப்போது தராசில் கிடந்தது, முக்கால் கிலோ. கொளஞ்சியம்மாள் என்றது. தட்டு ஒரு விரற்கடை இறங்கிற்று. இரண்டாவது தடவை பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. மூன்றாவதற்கு வெறும் மூச்சுதான் வந்தது, பிறகு அதுவும் இல்லை. தட்டு மறுபடி ஏறத் தொடங்கிற்று.

“நீங்க சொல்லுங்க! உங்க அக்கா பேருதான?” என்று கத்தினாள் பச்சையம்மாள்.

“அக்கா பேர நான் சொன்னதில்லீங்க” என்றான் அவன். முப்பத்தொரு வருஷமாக அவளை அவன் அக்கா என்று மட்டுமே கூப்பிட்டிருந்தான். மூத்தவள் பெயரை நாக்கில் எடுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பவானி குழந்தையின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் குனிந்து, நாக்கை மடித்து, கடைசி எழுத்துவரை சொன்னான். தட்டு தரையில் இடித்தது. சொன்ன பிறகுதான் அக்கா செத்துப்போனது அவனுக்கு உறைத்தது. கடையை மூடிவிட்டு அழுதான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டால் இப்போதும் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், எல்லாரும் ஒரே வயது. யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை. வெள்ளிமலைக்காரி கல்யாணமாகிச் சங்கராபுரத்தில் இருக்கிறாள், நல்ல கனம். தீனதயாளன் மட்டும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.