அரை வோல்ட்

சவ வண்டி உள்ளே வர வழியில்லாமல் தெருவிலேயே நின்றது. கேட்டுக்குக் குறுக்கே அப்பாவின் பழைய கார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தங்கை விட்ட இடத்திலேயே கிடந்தது.

"டேய், அதை ஓரமா எடுத்து விடுடா," என்றார் சித்தப்பா. "உங்கப்பன் உசுர வாங்கின சனியன்."

திட்டியது காரைத்தான். பார்வை என்னவோ படியில் உட்கார்ந்திருந்த தங்கை மேல் போனது. நேற்றிலிருந்து இதே பேச்சு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷனை ஏற்றிக்கொண்டு போனவள், மூன்று சிக்னலிலும் வண்டியை ஆஃப் ஆக விட்டுவிட்டாளாம். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் வேறு சொல்லித் தொலைத்தார். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

தங்கை யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. "நான்தாண்ணா கிளட்ச்ச விட்டுட்டேன். காலெல்லாம் நடுங்கிடுச்சுண்ணா," என்று அண்ணனிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

அண்ணன்காரன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இருமிவிட்டு நின்றது. நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மெக்கானிக். அடுத்தவன் வண்டியில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தால் சோறு இறங்காது. வீட்டு வண்டிக்குத்தான் நாளைக்கு, நாளைக்கு. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிற சென்சாரைப் போன வாரம் மாற்றினான். மாற்றினால் மட்டும் போதாது. மீட்டர் வைத்து, அரை வோல்ட் வரும்வரை திருப்பி இறுக்க வேண்டும். மீட்டர் பட்டறையில் இருந்தது. குத்துமதிப்பாக வைத்து முடுக்கிவிட்டு, "கால எடுத்தா நின்னாலும் நிக்கும்ப்பா. நாளைக்கு வந்து செட் பண்ணிடறேன்," என்று கிளம்பிவிட்டான். அப்பா ஒரு தடவை போன் பண்ணினார். "கஸ்டமர் வண்டி நிக்குதுப்பா," என்றான். வண்டி இப்படி நிற்கும் என்பதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. பிள்ளையை விட்டுக்கொடுக்காத மனுஷன்.

இன்றைக்கு மீட்டரை மறக்காமல் கொண்டுவந்திருந்தான். என்ன பிரயோஜனம்!

பானட்டைத் தூக்கினான். "என்னடா நோண்டிக்கிட்டு இருக்கே?" என்றார் சித்தப்பா.

"பேட்டரி ஒயர் லூசு சித்தப்பா."

ஸ்க்ரூவைத் தளர்த்தி, சென்சாரை மயிரிழை திருப்பினான். மீட்டரில் அரை வோல்ட் வந்ததும் இறுக்கினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பானட்டை மூடி, மறுபடி ஸ்டார்ட் செய்து காலை எடுத்தான். எஞ்சின் நிற்கவில்லை. காரை ஓரமாக விட்டான்.

தங்கை எழுந்து ஜன்னலருகே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உன் கைக்கு மட்டும் எப்படிண்ணா நிக்காம ஓடுது?"

சித்தப்பாவும் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

"கிளட்ச்ச மெதுவா விடணும்மா," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். தெரியும் என்பதுபோல.

சவ வண்டி உள்ளே வந்தது. அப்பாவைத் தூக்க அவன் இறங்கி ஓடினான். சாவியை எடுக்கவில்லை. ஓரத்தில் கார் பாட்டுக்கு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.