கேள்வி போகாத அரங்கம்

கேளுங்கள் கண்ணுகளா, ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒருத்தி நாள் முழுக்க அல்லாடிய கதை இது.

ஒரு ஆஸ்பத்திரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் அதில்தான் முன்பதிவு செய்து நேரம் பிடிப்பார்கள். அவளுடைய அக்காவும் அவர்களில் ஒருத்தி. கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் வைத்திருக்கிறாள். தளம் பார்க்க அழகில்லை, ஆனால் எந்தப் போனிலும் வந்துவிடும். சமைத்த சாப்பாடு தட்டில் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதைத்தான் இப்போது புதிய மென்பொருள் கருவி ஒன்றில் திரும்பச் செய்து, ஏற்றத் தயாராக வைத்திருந்தார்கள். அதுவோ அரிசி, அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போனுக்கு அனுப்பி, நீயே பொங்கிக்கொள் என்கிறது. நல்ல போன் பொங்கிவிடும். அக்காவின் போனில் சோதித்தபோது வெள்ளைப் பக்கமும் நடுவில் சுற்றும் வளையமும்தான் வந்தன.

"இதுல நேரம் பிடிக்கிறதுக்குள்ள எனக்கே நேரம் வந்துடும்டி," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இவள் மேலாளரிடம் போய் நின்றாள்.

"நீ பழசைக் கட்டிக்கிட்டு அழற ஆளும்மா," என்றார் அவர். "திங்கட்கிழமை புதுசு ஏறுது. அந்தக் கருவியைச் செஞ்சவரே சனிக்கிழமை மாநாட்டுல பேசுறாரு. இதுக்கு ஆகாதுன்னு அவர் வாயால வரட்டும், நிறுத்துறேன்."

அப்படித்தான் நவீன வலைத் தொழில்நுட்ப ஒருநாள் மாநாட்டுக்குப் போனாள். கூடவே அலுவலகத்துப் பையன் ஒருவனும் வந்தான். எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே மாறிவிடுவதால் அவனுக்கு 'அப்டேட்டு' என்று பெயர்.

குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. வாசலில் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்ட பெண் சொன்னாள்: "கேள்வியெல்லாம் ஆப்லதான் அக்கா. கை தூக்கக் கூடாது."

ஆப்பைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம், நடுவில் வளையம். அப்டேட்டு எட்டிப் பார்த்தான்.

"இதுவும் அவரோட கருவியில செஞ்சதுதான். சூப்பரா இருக்கும்."

"எங்கடா இருக்கு?"

"வரும், வரும்."

வரவில்லை. அரங்கம் முழுக்க ஒரே வைஃபையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறைப் பக்கத்து ஜன்னலோரம் நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். ஆப் திறந்தது. கேள்வியை மூச்சுவிடாமல் தட்டி அனுப்பினாள். மறுபடியும் வளையம். சாப்பாடு ஆறியதுதான் மிச்சம்.

மத்தியானம் கருவியைச் செய்தவர் பேசினார். கருவி அவருடைய மடிக்கணினிக்குள்ளேயே நெட் இல்லாமல் ஓட, திரையில் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. முடிவில் ஆப்பில் வரும் கேள்விகளைக் காட்டும் கைக்கணினியைப் பார்த்துவிட்டு, "ஒரு கேள்விகூட இல்ல. அப்ப எல்லாருக்கும் தெளிவா புரிஞ்சிருக்கு," என்றார். கைதட்டினார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். அட்டைப் பெண் ஓடிவந்தாள். "ஆப்ல போடுங்க அக்கா."

"ஆப் வரலம்மா."

"ஆப்ல புகார்னு ஒரு இடம் இருக்கும், அங்க சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சாளர் இறங்கியதும் பின்னாலேயே ஓடி லிஃப்ட் வாசலில் மறித்தாள்.

"சார், பழைய போன், மெதுவான நெட். நோயாளிங்க நேரம் பிடிக்கிற தளம். உங்க கருவி அதுக்கு ஆகுமா, ஆகாதா?"

"ஆப்ல கேட்டிருக்கலாமே."

"அதுதான் சார் என் கேள்வியே." போனை நீட்டினாள். வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் தன் போனில் திறந்து பார்த்தார். வெள்ளை. காலரைத் தடவிக்கொண்டார். "நெட்வொர்க் கோளாறு. எனக்கே வரல பாருங்க." லிஃப்ட் கதவு மூடியது.

மேலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"அவர் வாயால வந்ததா?"

"வந்தது சார். அவருக்கே வரலையாம்."

"சரி, ஒரு வாரம் தள்ளி வைப்போம்."

"ஒரு வாரத்துல யாருக்கும் போன் மாறிடாது சார்."

"ஒரு வாரம்மா," என்று வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னாள். "அப்ப அதுக்கடுத்த வாரத்துக்கும் இப்பவே பழசுல பிடிச்சு வச்சிடறேன்," என்றாள் அக்கா.

அக்காவுக்குச் சொல்ல ஒரு தங்கை இருக்கிறாள். மற்றவர்களுக்கு யார் சொல்லுவது? கழுத்து அட்டையைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பின்னாலிருந்து அப்டேட்டு கத்தினான்: "ஆப் திறந்துடுச்சுக்கா."